ரயில் கதைக்குச் சாட்சி

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிருஷ்ணகுமாரி கடையைத் திறந்து போட்டோ கொப்பி மெஷினின் மூடியைத் தூக்கினாள். கண்ணாடியின் மேல் தம்பியின் அடையாள அட்டை குப்புறக் கிடந்தது.

முதல் நாள் மாலை தம்பி நிரோஷன்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அட்டையின் பிரதி இரண்டு வேண்டும் என்றார்கள். அவள் இரண்டு அடித்தாள், ஃபைலில் வைத்தாள், தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் தவறிவிடுமே என்ற அவசரத்தில் மெஷினை நிறுத்திவிட்டுத் தம்பியையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். அட்டையை எடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் அவன் கொழும்புக்குக் கிளம்பிவிட்டான்.

அது 1997 ஆகஸ்ட், போர்க்காலம். தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு அட்டை இல்லாமல் கொழும்புப் பாதையில் போனால் என்ன ஆகும் என்பதைப் பலாங்கொடையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருஷ்ணகுமாரி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த பஸ் நிலையத்துக்கு ஓடினாள். அங்கே போய் நின்ற பிறகுதான், மூன்று மணி நேரத்துக்கு முன் போன பஸ்ஸை ஓடிப் பிடிக்க முடியாது என்பது உறைத்தது. திரும்பி வந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள். கடை முதலாளி முஹ்ஸின் வந்தபோது அவள் மெஷினின் மூடியைத் தூக்குவதும் மூடுவதுமாக நின்றாள்.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவர்கள் தோட்டத்து லொறியில் வேலை செய்யும் சின்னத்தம்பி அதே பஸ்ஸில் போயிருந்தான்.

"அக்கா, தம்பிய எறக்கிட்டாங்க. அவிசாவளையத் தாண்டி ஒரு செக் பொயின்ட்ல. கொப்பி ரெண்டையும் காட்டினான். ஒரிஜினல் எங்கன்னு கேட்டாங்க. பேக்க வேற கொட்டிப் பாத்தாங்க."

முஹ்ஸின் கடையைப் பூட்டினார். ஒரு வேனைப் பிடித்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு அவர்கள் அந்தச் செக் பொயின்ட்டை அடுத்த பொலிஸ் நிலையத்தில் இருந்தார்கள். மேசையில் இருந்தவர் அட்டையை வாங்கினார், திருப்பிப் பார்த்தார், நல்ல அட்டைதான் என்றார். ஆனால் பையனை மேலிடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. விசாரணை முடிய வேண்டும் என்றார். எதைப் பற்றிய விசாரணை என்று கேட்டபோது அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் வழியில் எஹெலியகொடையில் வேனை நிறுத்தி முஹ்ஸின் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "புள்ள, கார்டு எங்க ஈந்திச்சின்னு நான் ஒருத்தர்ட்டயும் செல்ல மாட்டன். நீங்களும் செல்லத் தேவயில்ல" என்றார். யாரிடமும் சொல்வதில்லை என்று அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் பிறகு அவளை உட்காரவிடாமல் அடித்தது.

வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில், அவளுடைய அம்மா கருப்பாயி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள். அழவில்லை. "மறதிப் பய. சின்னதுலயே அப்பிடித்தான். சிலேட்ட விட்டுட்டு ஸ்கூலுக்குப் போவான்" என்றாள். அட்டையை மறந்தது நான்தான் என்று சொல்ல கிருஷ்ணகுமாரி வாயைத் திறந்தாள். உள்ளே ரொட்டி தீய்ந்தது. அம்மா எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் எங்கேயும் பொருந்தி உட்காரவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டு போனாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்தாள். மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடிவைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

*

முப்பத்து நான்காவது நாள் தம்பியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. தடுப்பு முகாமில் இரண்டு கம்பி வலைகள், நடுவே ஒரு முழ இடைவெளி, அந்தப் பக்கம் அவன். பத்து நிமிடம். குடும்ப விஷயம் மட்டும் பேச வேண்டும், வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்று பக்கத்தில் நின்ற காவலர் சொன்னார். வழக்கை விட்டால் பேச வேறொன்றும் இல்லை. முதல் இரண்டு நிமிடம் வலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் மெலிந்திருந்தான். பிறகு லேசாகச் சிரித்தான்.

"அக்கா, இது கிணத்துக் கதையா, ரயில் கதையா, கண்ணாடிக் கதையா?"

அவளுக்கு மட்டும் அது விளங்கியது. பள்ளி முடித்து வேலையில்லாமல் அவன் தோட்டத்தில் சுற்றிய இரண்டு வருஷமும் அக்காவும் தம்பியும் இதைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். காலத்தில் பின்னோக்கிப் போகும் கதை என்றால் இருவருக்கும் பைத்தியம். கையில் கிடைத்தது மூன்றுதான். மூன்றுக்கும் மூன்று சட்டம்.

கிணற்றுக் கதை ஒரு வார இதழில் தொடராக வந்தது. பாழடைந்த கிணற்றில் இறங்கினால் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஊரில் ஏறலாம். ஆனால் நடந்தது நடந்ததுதான். ஒன்றையும் மாற்ற முடியாது. அண்ணன் வீடு எரிந்ததைத் தடுக்கப் போகிறவன் அவசரத்தில் வைத்துவிட்டு ஓடிய அரிக்கன் லாம்பினால்தான் அந்த வீடே எரிகிறது.

ரயில் கதை ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் வந்தது. ஏதோ வெளிநாட்டுத் தொடர், கீழே சிங்களத்தில் எழுத்து ஓடும். ஏழு பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருஷத்துக்குப் போகும். அங்கே எதையும் மாற்றலாம். ஆனால் விலை உண்டு: மாற்றிவிட்டுத் திரும்பினால் உன்னைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக உன்னை மறந்துபோவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பயணம்தான்.

கண்ணாடிக் கதை முஹ்ஸின் கடையில் வாடகைக்கு இருந்த ஒரு வீடியோ படம். எதிரெதிரே வைத்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நுழைந்து போனால் காலம் மாறும். மாற்றினால் உலகம் இரண்டாகக் கிளைவிடும். மாறிய உலகம் ஒரு பக்கம் போகும், பழைய உலகம் அழியாமல் தன் பாட்டுக்கு அப்படியே இருக்கும்.

நிரோஷனுக்குக் கண்ணாடிச் சட்டம்தான் நியாயம். அவளுக்கு ரயில் சட்டம். "வெல குடுத்தாவது மாத்தலாமுல்ல" என்பாள். "நீ வெல குடுக்கிற, சரி. மறக்கப்போறவங்கள கேட்டியா?" என்று அவன் மடக்குவான். இதையெல்லாம் அவன் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, படம் கீறி, எழுதி வைத்திருந்தான். எந்தக் கதையில் எது முடியும், எது முடியாது, யார் எங்கே பிசகினார்கள் என்று.

இப்போது வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் அதைக் கேட்டதும் அவள் வலையில் விரல்களை மாட்டிக்கொண்டாள். "ரயில் கதைதான்டா. எப்பிடியாச்சும் மாத்துவோம்" என்றாள். மீதி எட்டு நிமிடமும் கதைகளைப் பற்றியே பேசினார்கள். காவலருக்குக் கொட்டாவி வந்தது.

கடிதம் போடலாம் என்று சொன்னார்கள். வாரம் ஒரு கடிதம் போட்டாள். வழக்கை எழுதக்கூடாது, அம்மா அழுவதை எழுத மனமில்லை. ஆகவே கதைகளை எழுதினாள். ஆகஸ்ட் பதினான்காம் திகதியை எடுத்து ஒவ்வொரு சட்டத்திலும் வைத்துப் பார்த்தாள். கிணற்றுச் சட்டப்படி அவள் முதல் நாள் மாலைக்குப் போய் 'எடு, எடு' என்று கத்தினால், அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுத்தான் அன்றைய கிருஷ்ணகுமாரி எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு ஓடியிருப்பாள். கண்ணாடிச் சட்டப்படி எங்கேயோ ஓர் உலகத்தில் நிரோஷன் கொழும்புப் புறக்கோட்டையில் புடவை மடித்துக்கொண்டிருப்பான். அது இங்கே இருக்கிற அம்மாவுக்கு எந்தவிதத்திலும் உதவாது. ரயில் சட்டம் மட்டும்தான் வழிவிட்டது. 'பதினாலாம் திகதி அஞ்சு மணிக்கு முன்னாடி போய்ச் சேரணும். ரயில் ஒரு தடவதான் போகும். திரும்பி வரும்போது வீட்ல ஒருத்தர் இல்லாத மாதிரிதான். பரவாயில்ல, நான் ரெடி' என்று எழுதினாள். அட்டை எங்கே இருந்தது என்பதை மட்டும் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

அவன் பதில் போட்டான். இரண்டு, மூன்று. பிறகு பதில் நின்றது. டிசம்பரில் பார்க்கப் போனவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் இன்னும் நீளமாக எழுதினாள்.

*

ஜனவரியில் அவளுக்கே அழைப்பு வந்தது. இரத்தினபுரியில் ஒரு பழைய வீட்டை விசாரணை அலுவலகமாக வைத்திருந்தார்கள். முஹ்ஸின் கூடவே வந்து எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே ஓர் இன்ஸ்பெக்டர். நாற்பது வயதிருக்கும், தூக்கம் கெட்ட கண்கள். மூலையில் டைப்ரைட்டருக்கு முன் தலை நரைத்த சார்ஜன்ட் ஒருவர். இன்ஸ்பெக்டர் மேசையில் இருந்த கோப்பைத் திறந்து, மொழிபெயர்த்து டைப் செய்த தாள் ஒன்றை எடுத்துச் சிங்களத்தில் வாசித்தார்.

"ரயில் ஒரு தடவைதான் போகும். திரும்பி வரும்போது வீட்டில் ஒருவர் இல்லாத மாதிரிதான். பரவாயில்லை, நான் தயார்." நிமிர்ந்தார். "எதற்குத் தயார், நங்கி?" சிங்களத்தில் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தன்னுடைய எழுத்தைச் சிங்களத்தில் கேட்டபோது அவளுக்கே பயமாக இருந்தது. அவர் அடுத்த தாளைப் புரட்டினார். கிணற்றில் இறங்கியவன்தான் தீ வைத்தான். ஐந்து மணிக்கு முன் போய்ச் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே சிவப்புக் கோடு. கடைசியாக, பஸ்ஸில் நிரோஷனின் பையிலிருந்து எடுத்த சீ.ஆர். கொப்பியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ரயில் படம். ஏழு பெட்டி. மூன்றாவது பெட்டியில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் தம்பியின் கையெழுத்து: இதில் ஏறினால் திரும்ப முடியாது.

ரயிலில் குண்டு வெடித்து ஆட்கள் செத்த நாடு அது. 

"அட்டை இல்லாததற்காகவா அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவளுடைய சிங்களம் சுத்தமாக இருந்தது.

"அட்டையை அன்றைக்கே பார்த்து முடித்துவிட்டார்கள். இந்தக் கொப்பிக்காக. போன அக்டோபரில் இதையும் தள்ளிவிட்டு அவனை அனுப்பலாமா என்று யோசித்தோம். அப்போதுதான் உன் கடிதங்கள் வர ஆரம்பித்தன."

சனி, ஞாயிறாக உட்கார்ந்து, தம்பிக்குத் துணையாக இருக்கட்டும் என்று எழுதிய ஒவ்வொரு கடிதமும் அவனை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்து மாதங்களை எண்ணினாள். அக்டோபர், நவம்பர், டிசம்பர்.

"இதெல்லாம் கதை, சேர்" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்."

"இது நிஜமாகவே கதை. காலத்தில் பின்னால் போகிற கதை. மூன்று கதை. எதில் என்ன சட்டம் என்று நானும் தம்பியும் சண்டை போடுவோம்."

இன்ஸ்பெக்டர் கோப்பை மூடினார். "அப்படியென்றால் அடுத்த புதன்கிழமை அந்த மூன்று கதையையும் கொண்டுவந்து காட்டு" என்றார்.

*

அந்த ஏழு நாளில் கிருஷ்ணகுமாரி பறந்துகொண்டே இருந்தாள். கிணற்றுக் கதை முஹ்ஸினின் மனைவி லதீபாவிடம் இருந்தது. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் 'தாத்தா' என்பார்கள்; லதீபா தாத்தா என்றுதான் அவளும் கூப்பிடுவாள். தாத்தா தொடர்கதைகளைக் கிழித்து, ஊசியால் தைத்து, அட்டை போட்டு அலமாரியில் வைக்கிற ஆள். இருபத்தாறு வாரமும் இருந்தது. இரண்டாவது வாரத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. "கொண்டு போங்க புள்ள. திருப்பித் தராட்டியும் பரவாயில்ல" என்று கொடுத்துவிட்டு, பின்னாலேயே வாசல்வரை வந்து, "ஏலுமெண்டா திருப்பித் தாங்க" என்றார்.

கண்ணாடிப் படத்தின் கசெட்டை முஹ்ஸின் எப்போதோ மாவனல்லையில் இருக்கும் மச்சானின் வீடியோ கடைக்கு விற்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரி, கேகாலை என்று பஸ் மாறி மாறி மாவனல்லைக்குப் போனாள். கசெட் இருந்தது. அதன் உறையில் இரண்டு கண்ணாடிகளும் நடுவே ஒரு மனிதனும் படமாக இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

ரயில் கதைக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. டிவியில் வந்தது, போய்விட்டது. ஒளிபரப்பிய நிலையத்துக்குத் தந்தி அடித்தாள்; பதில் இல்லை. பழைய பத்திரிகைகளின் டிவி நிகழ்ச்சிப் பட்டியலைத் தேடினாள். 'வெளிநாட்டுத் தொடர்' என்று மட்டும் போட்டிருந்தது. தோட்டத்தில் அப்போது இரண்டே வீட்டில்தான் டிவி. பார்த்தவர்களைக் கேட்டால், "ஆமா, ஒரு ரயிலு வரும்" என்றார்கள். மூன்றில் ஆபத்தானது எதுவோ அதற்குத்தான் சாட்சி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, கொழுந்து பறிக்க மலைக்குப் போகக் கிளம்பிய அம்மா வாசலில் நின்று, "என்னடி இப்பிடி அலையிற? கதெ பொஸ்தகத்தக் காட்டினா விட்ருவாங்களா?" என்றாள்.

"விடணும்மா."

"அந்தப் பய கார்ட மட்டும் மறக்காம இருந்திருந்தா..."

"அம்மா" என்றாள் கிருஷ்ணகுமாரி. காலையில் தொழிலாளர்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. அம்மா ஓடினாள்.

*

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் தைத்த புத்தகத்தைப் புரட்டினார். தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் கடைசி அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார். லாம்பு, தீ, எல்லாம் கடிதத்தில் இருந்தபடியே இருந்தது. கசெட்டின் உறையைப் பார்த்தார், பின்பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்தார், ஒதுக்கிவைத்தார்.

"ரயில்?"

"அது டிவியில் வந்தது, சேர். காட்ட ஒன்றும் இல்லை. சொல்கிறேன்."

"சொல்."

அவள் நின்றபடியே சொன்னாள். உட்காரச் சொன்னதற்கு முடியாது என்றாள். சார்ஜன்ட் டைப் அடிக்க, அவள் ஏழு பெட்டியைச் சொன்னாள், டிக்கெட் கிழிக்கிற கிழவனைச் சொன்னாள், மூன்றாவது பெட்டி போர் நடந்த வருஷத்துக்குப் போவதால் அதில் ஏறியவர்கள் திரும்புவதில்லை என்பதைச் சொன்னாள். கதாநாயகன் தன் தங்கை ஆற்றில் விழுந்த நாளுக்குப் போய் அவளைக் காப்பாற்றுகிறான். திரும்பி வருகிறான். கதவைத் தட்டுகிறான்.

"கதவைத் திறக்கிற அம்மாவுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. முதலில் அம்மா மறந்துபோகிறாள். அப்புறம்..."

டைப்ரைட்டர் நின்றது.

"இல்லை" என்றார் சார்ஜன்ட்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். சார்ஜன்டின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் சொல்ல ஆரம்பித்ததை நிறுத்தவில்லை.

"முதலில் மறப்பது நாய், நங்கி. வாசல் படலையில் நின்று குரைக்கும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன். அம்மா கடைசி வாரத்தில்தான்."

கிருஷ்ணகுமாரிக்கு நினைவு வந்தது. ஆமாம், நாய்தான். வெள்ளை நாய். ஐந்து மாதமாக அம்மாவையே நினைத்து நினைத்து அவள் கதையை மாற்றி வைத்திருந்தாள்.

"நீங்கள் இதைப் பார்த்தீர்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஞாயிறு மாலை நாலரைக்கு, சேர். என் மகளோடு. நாய் குரைத்த அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை."

இன்ஸ்பெக்டர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பெருக்கல் குறியை விரலால் தொட்டார். பிறகு விசாரணைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"மறந்துபோனவர்களுக்கு வலிக்குமா? ஏதோ ஒன்று குறைகிறது என்றாவது தெரியுமா?"

"தெரியாது, சேர். திரும்பி வந்தவனுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள் அவள்.

"கிணற்றுக் கதையில்?"

"அதில் யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றும் மாறாது."

"அந்தக் கண்ணாடி?"

"மாறும். ஆனால் நம்முடைய உலகத்தில் இல்லை."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "மூன்றும் உபயோகமில்லை" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. பிறகு நிமிர்ந்து சார்ஜன்டிடம் சொன்னார்: "நீங்கள் சொன்னதை எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தையும் பெயரையும் இலக்கத்தையும் போடுங்கள்."

சார்ஜன்ட் உடனே அடிக்கவில்லை. இந்த வழக்கில், இந்தத் தாளில், ஒரு தமிழ்ப் பையனுக்காகத் தன் பெயரைப் போடுவது என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஓய்வுக்கு எத்தனை வருஷம் இருந்ததோ. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். இந்தப் பெண் சொன்ன கதை தொலைக்காட்சியில் தொடராக வந்தது என்பதை நான் நேரில் பார்த்து அறிவேன். தாளை உருவிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே கிளம்பியபோது கிருஷ்ணகுமாரிக்குச் சார்ஜன்டிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் அடுத்த தாளைச் சொருகிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

*

அடுத்த நாளே விட்டுவிடவில்லை. பெப்ரவரி போனது, மார்ச் போனது. அவள் கடிதம் எழுதவில்லை. பேனாவைத் தொடவே பயமாக இருந்தது. மே மாதம் ஒரு நீதிமன்றத்தில் நிரோஷன் மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று சொல்லி அவனை விடுவித்தார்கள். அதைச் சொல்ல நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

இரத்தினபுரியில் பலாங்கொடை பஸ்ஸுக்காக நிற்கும்போது அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தம்பி, கார்டு மெஷின்லதான் கெடந்திச்சி. நான்தான் எடுக்க மறந்துட்டேன். அம்மாகிட்ட இன்னமும் சொல்லல."

அவன் பாதையைப் பார்த்தபடி நின்றான். "எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்பிடி?"

"எஹெலியகொடையில பஸ்ஸு நின்னப்ப பையத் தடவிப் பாத்தேன், இல்ல. அப்பவே வெளங்கிருச்சி. எறங்கித் திரும்பியிருக்கலாம். வேல போயிருமேன்னு உக்காந்துட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "உள்ள இருக்கையில ஒன்மேல கோவமாத்தான் இருந்திச்சி. பொய் சொல்லல. கடுதாசி வர்ற அன்னைக்கு மட்டும் இருக்காது" என்றான்.

"கடுதாசியாலதான்டா ஒன்ன வச்சிருந்தாங்க."

"அதையும் சொன்னாங்க. அம்மாகிட்ட ஒன்னும் சொல்லாத. இப்ப என்னத்துக்கு?"

ஆனால் அவள் சொன்னாள். அம்மா மகனுக்குச் சோறு போட்டு, அவன் கையைக் கழுவி முடிக்கும்வரை காத்திருந்து, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னாள். கருப்பாயி கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதன் பிறகு மகளோடு பேசவில்லை. தேநீர் வைத்தால் குடிப்பாள், துணியைத் துவைத்தால் எடுத்துக்கொள்வாள். பேச்சு மட்டும் இல்லை. "ஒம்பது மாசமா ஏம்புள்ளய மறதிப் பயன்னு என் வாயாலயே ஏச வச்சிட்டா" என்று பக்கத்துக் காம்பரா வீட்டில் சொன்னதாகக் கேள்வி.

நிரோஷனும் வீட்டில் தரிக்கவில்லை. கதவைச் சாத்தினால் எழுந்து திறப்பான். வாகனச் சத்தம் கேட்டால் தேயிலைக்குள் போய் நிற்பான். கிருஷ்ணகுமாரி பழைய பேச்சை எடுத்துப் பார்த்தாள். "விடு அக்கா, அந்தக் கதையெல்லாம் வேணாம்" என்றான். இரண்டாவது வாரத்தில் எம்பிலிப்பிட்டியவில் ஓர் அரிசி ஆலையில் ஆள் தேவை என்று முஹ்ஸின் சொன்னார். கேட்ட மறுநாளே அவன் கிளம்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் அவன் கடைக்கு ஃபோன் எடுத்துப் பேசுவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு கருப்பாயி, ஒன்றும் சொல்லாமல், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் பஸ்ஸில் ஏறினாள். கடையில் பத்து மணி ஆவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசலைப் பார்த்தாள். தொலைபேசி அடித்தது. கிருஷ்ணகுமாரி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரிசீவரை அம்மாவின் கையில் கொடுத்தாள். கருப்பாயி அதைத் தலைகீழாகப் பிடித்தாள். முஹ்ஸின் திருப்பிக் கொடுத்தார்.

"டேய்! சாப்டியா? என்ன? தூசியா? மூஞ்சியக் கட்டிக்கிட்டு வேல செய்டா! தண்ணி நல்லாருக்கா? பக்கத்துல படுக்கிறவன் யாரு? கொறட்டையா?" எம்பிலிப்பிட்டியவுக்கு நேராகவே கேட்கட்டும் என்பது போல அவள் கத்தினாள். பஸ் நிலையத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முஹ்ஸினோடு கடைக்கு வந்திருந்த லதீபா தாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கருப்பாயி திடீரென்று நிறுத்தி, ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தாள். மகளிடம் நீட்டினாள்.

"என்னடி இது, பேசிக்கிட்டு இருக்கையிலேயே சத்தம் நின்னு போச்சு?"

பதினேழு நாளில் அம்மா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. கிருஷ்ணகுமாரி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள்.

"லைன் கட்டாயிருச்சும்மா. இருங்க, நான் எடுக்கிறேன்."

ஆலையின் இலக்கத்தைச் சுழற்றினாள். மணி போகவில்லை. மறுபடி சுழற்றினாள். கருப்பாயி நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு, உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னொருக்காப் பாரு" என்றாள்.